உயர் பண்பாட்டின் உயரம் யாது?

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது தொல்காப்பியப் பாயிரம். அம்மலைக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டி, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கத்திற்கு அடுத்த நிலையமாக விளங்குவது நம் தடா. பழைய தொண்டை நாட்டின் வடபால் அமைந்த இவ்வூர் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ளது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருவகையின. வழிவழியாக இம்மண்ணிலேயே வாழ்ந்து வருவோர் ஒரு வகை. ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம், இருப்புப்பாதை, அஞ்சல் முதலிய நடுவண் அரசுப் பணிகளையும், அண்மைக் காலத்து ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளையும் முன்னிட்டு வந்து குடியேறியோர் மற்றொரு வகை.

இவ்விரு வகையாரும் கூடி ஒரு விழா எடுக்க முற்படும்பொழுதெல்லாம் ஒரு வழக்கு எழுவதைக் காண்கிறோம். கம்பனும் சிலம்பும் பண்ணிசையும் கற்றோர் சிலருக்கே உரியவை; நாள் முழுதும் அலுவலில் உழன்று வீடு திரும்பும் நமக்கும், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் அவை எதற்கு என்பது ஒரு சாரார் கூற்று. அவை உயர்ந்தவை, ஆகவே விளங்கினாலும் விளங்காவிட்டாலும் மேடையில் இடம்பெற்றே தீரவேண்டும் என்பது மறுசாரார் கூற்று. இருவரும் ஒன்றில் உடன்படுகின்றனர். உயர்ந்தது என்றால் பலருக்கு எட்டாதது என்பதே அது. இந்த உடன்பாடு சரியானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்பாடு என்னும் சொல்

'கல்ச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் 'பண்பாடு' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். சொல் புதிதாயினும் அதன் வேர் பழையது. பிறருடைய இயல்பை அறிந்து அதற்கு இயைய ஒழுகுவதே பண்பு என்று கலித்தொகையின் நெய்தற் பகுதி வரையறை தருகிறது. இவ்வரையறையில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருவன் எத்தனை நூல் கற்றான், எத்தனை இராகம் அறிவான் என்பது அங்கே பேசப்படவில்லை. பிறர் என ஒருவர் இருக்கிறார், அவரை இவன் எவ்வாறு அறிகிறான் என்பதே அங்கே உரைகல். தன்னை மட்டும் உயர்த்திக்கொண்டு அடுத்தவரை அறியாதிருப்பதைத் தமிழ் மரபு பண்பு என்று ஏற்கவில்லை எனலாம்.

மேலை நாட்டாரும் இதுபற்றி நிரம்ப எண்ணியுள்ளனர். மாத்யூ ஆர்னால்டு 1869இல் வெளியிட்ட 'பண்பாடும் அராசகமும்' என்னும் நூலில், சிறந்த சிந்தனைகளை அறிந்து அவற்றின் துணையால் நம் பழகிய எண்ணங்களைச் சீர்தூக்குவதே பண்பாடு என்றும், அது எல்லா வகுப்பாரிடத்தும் பரவவேண்டும் என்றும் வாதிட்டார். 1948இல் டி. எஸ். எலியட் இதனை ஐயுற்றார். பண்பாடு குடும்பத்தின் வழியாகவும் சமூகத்தின் மேல்தட்டு வழியாகவுமே காக்கப்படுகிறது, அனைவருக்கும் பகிர்ந்தளிக்க முயன்றால் அதன் தரம் தாழும் என்பது அவர் அச்சம். பத்தாண்டு கழிந்து, வேல்சு நாட்டு இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய ரேமண்டு வில்லியம்சு, பண்பாடு எளிய மனிதரின் அன்றாட வாழ்விலும் உள்ளதே என்று மறுத்துரைத்தார்.

இம்மூவர் கருத்தையும் எடைபோடுவதற்கு நாம் இலண்டன் மாநகரம் செல்லவேண்டுவதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில் திடலுக்குச் சென்றால் போதும்.

பாரதம் இறங்கி வந்த படிகள்

மகாபாரதம் தெலுங்கில் மூவர் கைப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் இராசமகேந்திரவரத்து அரசவையில் நன்னையர் தொடங்கினார். 13ஆம் நூற்றாண்டில் நெல்லூரை ஆண்ட மனுமசித்தியின் அமைச்சராகிய திக்கனர் விராட பருவம் முதல் இறுதிவரை 15 பருவங்களைப் பாடினார். இடையில் எஞ்சி நின்ற வன பருவப் பகுதியை 14ஆம் நூற்றாண்டில் எர்ரனர் நிறைவு செய்தார். தமிழில் வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதியாட்கொண்டான் என்னும் குறுநில மன்னன் வேண்டுகோளுக்கு இணங்கி, நாலாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பத்துப் பருவங்களைப் பாடினார். இவை யாவும் அரசவையிலும் புலவர் அவையிலும் பிறந்த நூல்கள். வில்லியின் விருத்தம் வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் சந்தத்தில் பின்னிப் பிணைந்தது. புணர்ச்சி பிரித்தறியாதார்க்கு எளிதில் பொருள் விளங்காதது. எலியட் கூறும் 'உயர் நிலை' என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயின் அந்நூல் அவையோடு நின்றதா? தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் விழாக்களை நோக்குக. பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கு மேலும் விழா நடைபெறும். பகலில் பிரசங்கியார் ஒருவர் அமர்ந்து வில்லியின் பாட்டைப் பாடுவார். பின் சீர் பிரிப்பார், சொற்பொருள் கூறுவார், ஊர் வழக்கு ஒன்றை எடுத்து அதனோடு பொருத்துவார். தெலுங்கு வழங்கும் ஊர்களில் இதனை அரிகதை பாகவதர் செய்வார். அன்றிரவே அதே பகுதி கூத்தாக ஆடப்படும். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஒலிக்க, கிரீடமும் புசக்கட்டையும் அணிந்த வேடதாரி திரைக்குப் பின்னின்று பாடிக்கொண்டே களரிக்கு வருவான். அருச்சுனன் தபசன்று உயர்ந்த மரத்தின்மேல் வேடதாரி ஏறிப் பாட, கீழே ஊர் திரண்டு நிற்கும். பதினெட்டாம் போர் அன்று மண்ணால் படுத்த நிலையில் செய்த துரியோதனன் உருவின் தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி.

இங்கே நாம் தனித்து நோக்கவேண்டியவர் இருவர். ஒருவர் பகற்பொழுதின் பிரசங்கியார். மற்றவர் இராப்பொழுதின் கட்டியக்காரன். அரசன் விருத்தத்தில் பாடியதைக் கட்டியக்காரன் ஊர்ப் பேச்சில் திருப்பிக் கூறுகிறான். தருமனையும் துரியோதனனையும் 'நீ யார், எந்த ஊர்' என்று கேட்கும் துணிவு அவனுக்கு உண்டு. மக்கள் கேட்க நினைப்பதை அவன் கேட்கிறான். மக்களுக்கு விளங்காததை அவன் விளங்காதவன்போல் நடித்து விளங்க வைக்கிறான். நகைச்சுவைக்காகவே அமைந்த பாத்திரம் என அவனை ஒதுக்குவோர் அவனது உண்மைப் பணியை அறியாதார். புலவன் பாட்டுக்கும் உழவன் செவிக்கும் இடையே நின்று உரை செய்பவன் அவன்.

இவ்வாறு இறங்கி வருகையில் நூலின் தரம் தாழ்கிறதா என்பதே எலியட்டின் ஐயம். இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வில்லியின் சந்தத்தில் உள்ள விரைவும் செறிவும் கூத்தின் வசனத்தில் நெகிழ்ந்துவிடுகின்றன. சில இடங்களில் நகை மிகுந்து அவலம் கெடுகிறது. ஆனால் நூலின் உயிர்ப்பகுதி எது எனக் கேட்போமாயின் விடை வேறாகிறது. சூதில் தன்னையே முன்னர்த் தோற்றுவிட்ட ஒருவனுக்கு, அதன்பின் மனைவியைப் பணயமாக வைக்கும் உரிமை உண்டா என்று திரௌபதி அவையில் வினவுகிறாள். பீட்டுமன் போன்ற பேரறிஞர்க்கும் அதற்கு நேர்விடை கூற இயலவில்லை. உடைமை, உரிமை, அடிமை, அறம் ஆகிய நான்கையும் ஒருசேர உலுக்கும் வினா அது. துகிலுரிதல் கூத்து நடைபெறும் இரவில், எழுத்தறியாத உழவுத் தொழிலாளப் பெண் ஒருத்தி நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து அவ்வினாவைக் கேட்கிறாள். கணவன் குடித்துத் தோற்ற பொருளுக்குத் தான் ஈடாக வேண்டுமா என்ற எண்ணம் அவள் உள்ளத்தில் எழாது என்று யார் கூறமுடியும்? சட்டக் கல்லூரியிலும் மெய்யியல் வகுப்பிலும் எழுப்பத்தக்க வினா ஒன்று இங்ஙனம் களரிப் புழுதியில் எழுந்து நிற்கிறது. வடிவம் நெகிழ்ந்தும் வினா தாழவில்லை.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் பாரதியார். 1912இல் முதற்பகுதி வெளியான 'பாஞ்சாலி சபத'த்திற்கு அவர் இதே நிகழ்ச்சியைத் தேர்ந்தார். எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே இக்காலத்துக்குத் தேவை என்பதை அதன் முகவுரையில் வலியுறுத்தினார். வில்லியைப் படித்த புலவர் மரபும், சிந்தும் கும்மியும் பாடிய மக்கள் மரபும் அவரிடத்தில் ஒன்றாயின.

உரைப்போர்க்கு அளித்த பங்கு

நூலை இயற்றுவோனைப் போற்றுதல்போல் அதனை உரைப்போனையும் போற்றுதல் நம் முன்னோர் வழக்கம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கெனத் தனிப்பங்கு ஒதுக்கிய செய்தியைக் காண்கிறோம். விளக்கு, நீர், பூசை ஆகியவற்றுக்கு ஒதுக்கியதுபோலவே வாசிப்புக்கும் ஒதுக்கினர். இவ்வறக்கட்டளை நமக்கு உணர்த்துவது யாது? உயர்ந்த நூல் தானாக மக்களைச் சென்றடையாது. அதனை எடுத்துச் செல்வோன் ஒருவன் வேண்டும். அவன் வயிற்றுக்கு ஊர் பொறுப்பேற்கவேண்டும் என்பதே.

அவ்வாறு எடுத்துச் செல்வோர் இல்லாதபோது நேர்வதனை அறியத் திருமலைக்குச் செல்வோம். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் வேங்கடவன்மீது பல்லாயிரம் சங்கீர்த்தனங்கள் பாடினார். அவர் வழியினர் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள் கல்லறை ஒன்றில் வைத்தனர். செம்பு அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆயினும் அப்பாடல்களுள் மிகப் பல நூற்றாண்டுக் கணக்கில் பாடுவாரின்றிக் கிடந்தன. 1922இல் அவை வெளிக்கொணரப்பட்டபோது பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் இருந்தது. ஆனால் அவர் பாடிய மெட்டு எவ்வாறு இருந்தது என்பதனைச் செம்பு கூறவில்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, இராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் பதிப்பித்தும், சர்மா அவர்களும் பின்வந்தோரும் புதிதாக மெட்டமைத்தும், 1970களின் இறுதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தனித்திட்டம் வகுத்து இசைத்தட்டுகள் வெளியிட்டும், எம். எஸ். சுப்புலட்சுமி பாடியும் அப்பாடல்கள் மீண்டும் வீடுகளுக்குள் புகுந்தன.

இரண்டினையும் ஒப்பிட்டு நோக்குக. பாரதத்தைக் காத்தது பிரசங்கியாரின் வாய். சங்கீர்த்தனத்தைக் காத்தது செம்பு. செம்பு சொல்லைக் காத்தது, இசையை இழந்தது. வாய் சொல்லைச் சிறிது நெகிழ்த்தது, உயிரைக் காத்தது. இதனால் ஏடும் செம்பும் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஏடுகளைத் தேடி அலைந்து சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்திராவிடின், நாம் இன்று பெருமை பேசுதற்குரிய பலவற்றை இழந்திருப்போம். காப்பது ஒரு பணி. வழங்குவது மற்றொரு பணி. முன்னதை மட்டும் செய்து, உயர் பண்பாட்டைப் பேணிவிட்டோம் என்று நிறைவெய்துதல் தகாது என்பதே நாம் கூறவந்தது.

முத்திரையும் தகுதியும்

இனி, 'உயர்ந்தது' என்று ஒன்றற்கு முத்திரை குத்துவது யார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். சதிர் என வழங்கிய ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வளர்த்தவர் இசைவேளாளர் மரபுப் பெண்டிரும் அவர்தம் நட்டுவனார்களும் ஆவர். அவர்கள் ஆடியபோது அது இழிவென்று பழிக்கப்பட்டது. 1930களில் சென்னை மியூசிக் அகாடமி அதற்கு மேடை தந்து பரதநாட்டியம் என்னும் பெயரும் நிலைபெற்றது. 1935இல் உருக்மிணி தேவி மேடையேறியபின் அது நற்குடிப் பெண்கள் பயிலும் கலையாயிற்று. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு கொடுமையை ஒழித்த அச்சட்டம் தேவையானதே. ஆயினும் கலையைக் காத்தோர் விலகி நிற்க, கலை மட்டும் உயர்ந்தது என்ற உண்மையை நாம் மறத்தலாகாது. அதே அடவு, அதே பதம். ஆடியவர் மாறியதும் பெயரும் மதிப்பும் மாறின. பாலசரசுவதி போன்றோர் தம் ஆற்றலால் நிலைத்து நின்றது, தகுதி முத்திரைக்கு முன்னரே இருந்தது என்பதற்குச் சான்று.

கூத்தை நாம் புகழ்ந்தோம் என்பதற்காக அதன் சூழலை மாசற்றதாகக் காட்டுதலும் நேர்மையாகாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தருமராசர் திரௌபதியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த பூசலில், 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் அதிகாரிகள் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. அவையில் நீதி கேட்டு நின்ற ஒருத்தியின் கோயில் வாயிலிலேயே நீதி மறுக்கப்பட்டது. ஆகவே, மக்கள் கலை என்பதனால் ஒன்று தானே அனைவர்க்கும் உரியதாகிவிடாது. அரங்கக் கலை என்பதனால் ஒன்று தானே உயர்ந்ததாகிவிடாது. இரண்டிடத்தும் கதவு உண்டு. கதவைத் திறப்பாரும் அடைப்பாரும் மனிதரே.

எல்லை கடந்த செல்வம்

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மற்றொரு வினாவும் உண்டு. உயர் பண்பாடு என்று நாம் பேசுவது தமிழர்க்கு மட்டும் உரிய தனிச்சொத்தா?

'தடா' என்னும் சொல் தமிழில் பெரும்பானையைக் குறிக்கும். திருமாலிருஞ்சோலைப் பெருமானுக்கு வெண்ணெயும் அக்காரவடிசிலும் தடாக்களில் நிறைத்துப் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். பின்னாளில் இராமானுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அந்த ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியமாகப் பாடியவர், 1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர். தெலுங்கின் ஐம்பெருங் காவியங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. திருமலையில் மார்கழித் திங்களில் சுப்ரபாதத்திற்கு ஈடாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. நம் அண்டை வீட்டுத் தெலுங்குப் பெண்மணி, தமிழ் எழுத்து அறியாதவராயினும், தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் மனப்பாடமாகச் சொல்லக் கேட்டு நாம் நாணியதுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்கு அவற்றில் மூன்று தெரியும்?

மறுதலையாக, திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்து 1847இல் மறைந்த தியாகராசர் தெலுங்கில் பாடினார். அவர் கீர்த்தனைகளைத் தமிழகத்துச் சபைகளில் கேட்ட தமிழர் பலர் இராகத்தை அறிந்தனர், சொல்லை அறிந்திலர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மாநாடும், 1943இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கமும் எழுப்பிய வழக்கின் உயிர்நிலை இதுவே. கேட்போனுக்குப் பொருள் விளங்கவேண்டும் என்று இராசா அண்ணாமலைச் செட்டியாரும் கல்கியும் இரசிகமணியும் வாதிட்டதைத் தெலுங்கு மொழிமேல் கொண்ட பகை என்று கொள்வது பிழை. தெலுங்கு நாட்டில் வாழும் நாம் அதனை எளிதில் உணரலாம். தியாகராசரின் சொல்லைக் கேட்டவுடன் நம் அண்டை வீட்டார் முகத்தில் தோன்றும் கனிவைக் கண்டோர்க்கு, பொருளறிந்து கேட்டலின் மேன்மை பற்றி வேறு சான்று வேண்டா.

இவ்வெல்லைக்கும் இலக்கியத்திற்கும் ஒருசேரப் பாடுபட்ட பெரியார் ஒருவரை இங்கு நினைத்தல் நம் கடன். ம. பொ. சிவஞானம் மூன்றாம் வகுப்புக்குமேல் பள்ளியில் பயிலவில்லை; அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியாக இருந்தவர். விடுதலைப் போராட்டச் சிறைவாசத்தில் இலக்கியத்தில் தோய்ந்து, பின்னர்ச் சிலப்பதிகாரத்தைத் தெருமுனை மேடைகளுக்குக் கொணர்ந்து, சிலம்புச் செல்வர் எனப் பெயர் பெற்றார். வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. அதன் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது; அதே நாளில் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு அவர் விரும்பியவாறு முற்றும் அமையவில்லை. ஆனால் எழுத்துக் கோத்த கை ஒன்று இளங்கோவை எளியவர் இல்லத்துக்குக் கொண்டு சென்றது என்னும் செயல் எக்கோட்டாலும் குறைபடாதது. படிப்பும் குடிப்பிறப்பும் இல்லார்க்கு உயர் இலக்கியம் எட்டாது என்போர்க்கு அவர் வாழ்வே மறுப்பு.

நம் சங்கம் செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. உயர் பண்பாட்டின் உயரத்தை, அதனை எட்டாதார் தொகையைக் கொண்டு அளத்தலாகாது. அது எழுப்பும் வினாவின் பெருமை கொண்டும், அவ்வினாவை எத்துணைப் பேர் தம் வினாவாக ஏற்க முடிகிறது என்பது கொண்டும் அளத்தல் வேண்டும். அவ்வாறு ஏற்கச் செய்பவர் உரைகாரர். பிரசங்கியார், கட்டியக்காரன், மெட்டமைத்தவர், மேடையில் பேசியவர் என்று அவர்க்குப் பெயர் பல. ஊரைவிட்டுப் பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் இழந்தது நூலை அன்று. நூல் கடையில் கிடைக்கிறது, கைப்பேசியிலும் கிடைக்கிறது. இழந்தது உரைப்போரைத்தான். பாட்டி இருந்த வீட்டில் கதைக்கு உரையிருந்தது. கோயில் திடல் இருந்த ஊரில் பாட்டுக்கு உரையிருந்தது. இரண்டு அறைக் குடியிருப்பில் அவ்விரண்டும் இல்லை.

சங்கம் என்பது அந்த இடத்தை நிரப்பக் கடமைப்பட்டது. ஆண்டுவிழாவில் திரைப்பாடல் ஒலிப்பதை நாம் குறைகூறவில்லை. களைத்த மனம் களிப்பை நாடுதல் இயல்பு, திரைப்பாடல்களிலும் நல்லன உண்டு. ஆயின் ஆண்டில் ஒரு நாள் கூடி, மூன்று மணிநேரம் களித்து, கடைசிப் பத்து நிமிடத்தில் 'இலக்கியம்' என ஒன்றைத் திணித்துக் கலைவதால் எவர்க்கும் பயனில்லை. அப்பத்து நிமிடத்தில் பேசுவோர்க்கும் நிறைவில்லை. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்ட கூட்டத்திற்கும் நிறைவில்லை.

காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தை நிறுவியபோது அவர் கையாண்ட வழி ஆண்டுதோறும் தவறாமல் கூடிப் பயிலுதல் என்பதே. இரசிகமணி திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்து வட்டத்தொட்டியில் செய்ததும், அன்பர் சிலரோடு அமர்ந்து ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிச் சுவைத்ததே. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவைப்படவில்லை. திங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை, பத்துப் பாட்டு என வகுத்துக்கொண்டால் ஓராண்டில் நூற்றிருபது பாட்டு முறையான உரையோடு நம் பிள்ளைகள் செவியில் விழும். அஃது எம் போன்ற எழுத்தர்க்கும் எட்டும் கணக்கு.

தொடங்குதற்கு விராட பருவத்தைப் பரிந்துரைக்கிறோம். காரணங்கள் மூன்று. முதலாவது, அது இருமொழிக்கும் பொதுவானது. இம்மண்ணுக்கு அணித்தாகிய நெல்லூரில் திக்கனர் தம் பாரதத்தைத் தொடங்கியது அப்பருவத்திலேயே. வில்லியின் பாட்டை நம்மவர் ஒருவர் உரைக்க, திக்கனரின் பத்தியத்தைத் தெலுங்கு அன்பர் ஒருவர் உரைக்க, கீசகன் வதைப் பகுதியை இரு புலவரும் எவ்வாறு நடத்தியுள்ளனர் என ஒப்பிடலாம். கலித்தொகை கூறும் பண்புக்கு அதுவே செயல்வடிவம். இரண்டாவது, விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்னும் நம்பிக்கை தமிழ்ச் சிற்றூர்களிலும் உண்டு, ஆந்திரச் சிற்றூர்களிலும் உண்டு. ஏரிப்பாசனத்தையும் வானத்தையும் நம்பிய மக்கள் காவியம் ஒன்றைத் தம் வயலோடு பிணைத்துக்கொண்ட அழகு அது. மூன்றாவது காரணமே நம் நெஞ்சுக்கு நெருங்கியது. சொந்த நாட்டை விட்டு வந்த ஐவரும் ஒருத்தியும் அயலான் நகரில், அயலான் இட்ட வேலையில், ஓராண்டைக் கழித்த கதை அது. ஒருவன் மடைத்தொழில் செய்தான். ஒருவன் குதிரை பேணினான். ஒருவன் ஆநிரை காத்தான். அரசி ஒருத்தி பிறள் கூந்தலுக்கு மலர் சூட்டும் பணி பூண்டாள். அவர்களுள் வில்லை மறைத்துவைத்த அருச்சுனன் மறைக்காது வைத்திருந்தது ஒன்று உண்டு. தான் கற்ற ஆடலையும் பாடலையும் அவன் அவ்வூர்ப் பெண்ணாகிய உத்தரைக்குக் கற்பித்தான்.

பிழைப்புக்காக வந்த ஊரில் தன் கலையை அவ்வூரார்க்கும் கற்பித்து வாழ்ந்தவன் நம் காவியத்திலேயே இருக்கின்றான். வரும் ஆண்டு விழாவின் நிகழ்ச்சிநிரலை வகுக்கும் அன்பர்கள், மழைக்காலம் தொடங்கும் முன் விராட பருவ வாசிப்புக்கு ஒரு நாள் குறிப்பார்களாக. பிரசங்கியார் ஒருவரைச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து அழைத்துவர ஆகும் வழிச்செலவை நாம் பகிர்ந்துகொள்வோம். பாய் விரித்து அமர இடம் இருந்தால் போதும், மேடைகூட வேண்டியதில்லை.